முதலாம் ஆதித்த சோழன்

முதலாம் ஆதித்த சோழன் (ஆட்சிக்காலம்: ஏறத்தாழ கி.பி. 871 - 907) பிற்காலச் சோழ மரபின் இரண்டாம் மன்னன் ஆவான். இவன் விசயாலய சோழனின் மகனும், முதலாம் பராந்தக சோழனின் தந்தையும் ஆவான். தஞ்சையைச் சுற்றியிருந்த ஒரு சிறிய அரசைத் தந்தையிடமிருந்து பெற்ற இவன், தொண்டை மண்டலத்தையும் கொங்கு நாட்டையும் அதனுடன் இணைத்துச் சோழப் பேரரசுக்கு அடித்தளம் இட்டான். கொங்கு நாட்டின் ஊடாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற இராசகேசரிப் பெருவழி இவனுடைய பட்டப்பெயரால் அமைந்தது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இன்றைய கரூர், திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களை ஒட்டிய இவ்வழி, சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உரோமானிய வணிகத்துடன் தொடர்பு கொண்டிருந்தது. போர் வீரனாகவும் கோயில் கட்டியவனாகவும் நினைக்கப்படும் இம்மன்னனின் வாழ்வில், பழைய வணிக வழியொன்று அரச வழியாக மாறிய வரலாறும் அடங்கியுள்ளது.

பின்னணி

சங்க காலத்துக்குப் பின்னர் சோழர்கள் பல நூற்றாண்டுகள் உறையூர், பழையாறை ஆகிய பகுதிகளில் சிற்றரசர்களாகவே இருந்தனர். வடக்கே காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவரும், தெற்கே மதுரையைத் தலைநகராகக் கொண்ட பாண்டியரும் தமிழகத்தின் பெரிய அரசுகளாக விளங்கினர். காவிரிச் சமவெளி இவ்விரு அரசுகளும் மோதிக்கொள்ளும் களமாக இருந்தது. தஞ்சைப் பகுதியை முத்தரையர்கள் ஆண்டு வந்தனர்.

ஏறத்தாழ கி.பி. 850 இல் விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றினான். அங்கு அவன் நிசும்பசூதனி என்னும் கொற்றவைக்குக் கோயில் எடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அப்போதும் சோழர் பல்லவரின் மேலாண்மையை ஏற்றவராகவே இருந்தனர். விசயாலயனின் முதுமைக் காலத்தில் பாண்டியன் இரண்டாம் வரகுணன் காவிரிக் கரை வரை படை நடத்தி வந்தான். இத்தகைய இக்கட்டான சூழலில் ஆதித்தன் அரியணை ஏறினான். தக்கோலத்தில் உள்ள இவனது 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒரு சூரிய கிரகணத்தைக் குறிப்பிடுகின்றது. அதனைக் கொண்டே இவன் ஆட்சிக்கு வந்த ஆண்டு கி.பி. 871 அளவில் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

பெயரும் பட்டங்களும்

பிற்காலச் சோழ மன்னர்கள் பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் புனைந்து கொண்டனர். விசயாலயன் பரகேசரி ஆவான். எனவே ஆதித்தன் இராசகேசரி ஆனான். இவன் மகன் பராந்தகன் மீண்டும் பரகேசரி ஆனான். பின்னர் வந்த கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் இராசராசன், முதலாம் குலோத்துங்கன் ஆகியோரும் இராசகேசரி என்னும் பட்டத்தைக் கொண்டவர்களே. தொடக்ககாலச் சோழக் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் இயற்பெயர் இல்லாமல் பட்டம் மட்டுமே காணப்படுகின்றது. ஆகவே ஒரு கல்வெட்டு எந்த இராசகேசரிக்கு உரியது என்பதை எழுத்தமைதி, ஆட்சியாண்டு, கூறப்படும் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ஆதித்தனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதில் உள்ள முதன்மையான சிக்கல் இதுவாகும்.

தொண்டை நாட்டை வென்ற பின்னர் இவன் தொண்டைநாடு பாவின இராசகேசரி என்று அழைக்கப்பட்டான். இந்த அடைமொழி உள்ள கல்வெட்டுகளை இவனுடையவை என எளிதில் அடையாளம் காணலாம். கோதண்டராமன் என்பது இவனுடைய மற்றொரு பெயராகும்.

திருப்புறம்பியப் போர்

ஆதித்தனின் ஆட்சித் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரும் போர் திருப்புறம்பியப் போர் ஆகும். இது கும்பகோணத்துக்கு அருகில் உள்ள திருப்புறம்பியம் என்னும் ஊரில் ஏறத்தாழ கி.பி. 880 இல் நடைபெற்றது. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன் நின்றான். மறுபக்கம் பல்லவ மன்னன் அபராசிதனும், அவனுக்குத் துணையாக மேலைக் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியும், ஆதித்த சோழனும் நின்றனர்.

போரில் பிருதிவீபதி உயிரிழந்தான். எனினும் பாண்டியர் படை தோல்வியுற்றுப் பின்வாங்கியது. இப்போரினால் பாண்டியரின் வடதிசைப் பரவல் தடைபட்டது. பல்லவர் வெற்றி பெற்ற போதிலும் தொடர்ந்த போர்களால் அவர்களது வலிமை குன்றியிருந்தது. போரின் பயனை முழுமையாகப் பெற்றவன் துணைவனாக வந்த ஆதித்தனே ஆவான். காவிரிச் சமவெளியில் அவனை எதிர்க்கத்தக்க அரசு எதுவும் அதன்பின் இல்லாது போயிற்று.

திருப்புறம்பியத்தில் கங்க மன்னனுக்குப் பள்ளிப்படை எழுப்பப்பட்டதாகக் கூறப்படுகின்றது. கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் புதினத்தில் இப்பள்ளிப்படை இடம்பெறுவதால், இப்போர் வரலாற்று நூல்களைப் படிக்காத வாசகர்களிடையேயும் அறியப்பட்டுள்ளது.

தொண்டை மண்டல வெற்றி

திருப்புறம்பியப் போரில் நண்பர்களாக இருந்த அபராசிதனும் ஆதித்தனும் சில ஆண்டுகளில் பகைவர்களாயினர். 9ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆதித்தன் பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான். வலிமை மிக்க அபராசிதனை வென்று அவனது நாட்டை ஆதித்தன் கைப்பற்றியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. யானை மீதிருந்த பல்லவ மன்னன் மேல் இவன் பாய்ந்து அவனைக் கொன்றதாக வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு தெரிவிக்கின்றது.

இவ்வெற்றியுடன் ஏறத்தாழ 300 ஆண்டுகள் காஞ்சியிலிருந்து பேரரசர்களாக ஆண்ட பல்லவரின் ஆட்சி முடிவுக்கு வந்தது. சோழ நாட்டின் வட எல்லை இராட்டிரகூடரின் எல்லையைத் தொட்டது. வென்ற நாட்டில் இருந்த பழைய அறக்கொடைகளை ஆதித்தன் நீக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் உள்ள இவனது 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, முன்னர் கந்தசிட்டன் என்னும் மன்னன் அளித்து, பின்னர் பல்லவன் நரசிம்மவர்மன் உறுதி செய்த கொடையை மீண்டும் நிலைநாட்டுகின்றது.

கொங்கு நாடும் பழைய வழியும்

தொண்டை மண்டலம் ஆதித்தனுக்கு நிலத்தையும் நெல்லையும் தந்தது. மேற்கே இருந்த கொங்கு நாடு வேறு வகையான செல்வத்தைக் கொண்டிருந்தது. மழை குறைந்த மேட்டுநிலமான கொங்கு, கால்நடை, இரும்பு, மணிக்கற்கள், பருத்தி ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது அதன் அமைவிடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் உள்ள பாலக்காட்டுக் கணவாய் கொங்கின் மேற்கு வாயிலாகும். தமிழகத்தின் கிழக்குச் சமவெளியிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் பொதிமாடுகளும் வண்டிகளும் மலை ஏறாமல் செல்லத்தக்க வழி இதுவே.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு பேரூர், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கின்றது. இந்த ஆற்றை ஒட்டியே பழைய வணிக வழி சென்றதை அகழாய்வுகளும் காசுப் புதையல்களும் காட்டுகின்றன. சங்க காலச் சேரரின் கருவூரையும் மேலைக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் இவ்வழி இணைத்தது.

நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர் இதுவே எனக் கருதப்படுகின்றது. 1985 முதல் இங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்கள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகள் ஆகியவை கிடைத்துள்ளன. இன்று பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் இப்பகுதியில் நூல் நூற்றல் எவ்வளவு பழமையானது என்பதை இவ்வட்டுகள் உணர்த்துகின்றன. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூர் பச்சைநிற மணிக்கல்லான பெரில் கிடைத்த இடமாகும். உரோமானியர் இக்கல்லைப் பெரிதும் விரும்பினர்.

இவ்வணிகத்துக்குரிய விலையாக வந்த உரோமானியக் காசுகள் கரூர், கத்தாங்கண்ணி, வெள்ளலூர், பொள்ளாச்சி முதலிய இடங்களில் கிடைத்துள்ளன. கோயம்புத்தூருக்கு அருகே உள்ள வெள்ளலூரில் 1842 இல் ஒரே புதையலில் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உரோமானியக் காசுகள் தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் கொங்கு நாடு ஒன்றாகும்.

உரோமானிய வணிகம் குறைந்த பின்னரும் வழி மறையவில்லை. உப்பு, மிளகு, துணி, கால்நடை ஆகியவற்றை ஏற்றிய வணிகச் சாத்துகள் தொடர்ந்து சென்று வந்தன. ஆனால் கொங்கு பல்லவர், பாண்டியர், கங்கர், சேரர் ஆகியோரிடையே அடிக்கடி கைமாறிய நிலப்பரப்பாக இருந்தது. நிலையான அரசு இல்லாத இடத்தில் நீண்ட வழிகளுக்குப் பாதுகாப்பும் இருப்பதில்லை. சுங்கமும் கொள்ளையும் வணிகரை வருத்தின.

கொங்கு வெற்றி

ஆதித்தனின் காலத்தில் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் கொங்கில் போர் செய்தவன் ஆவான். அவனிடமிருந்தோ, அவனுக்கு அடங்கிய தலைவர்களிடமிருந்தோ ஆதித்தன் கொங்கைக் கைப்பற்றியிருக்க வேண்டும் என வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

இவ்வெற்றிக்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, கொங்குதேச இராசாக்கள் என்னும் பிற்கால நூல். ஆதித்தன் கொங்கு நாட்டுக்கு வந்து அதனை வென்றதுடன், காவிரிக் கரையில் இருந்த கங்கரின் தலைநகரான தலைக்காட்டையும் கைப்பற்றியதாக இந்நூல் கூறுகின்றது. இது பிற்காலத்தது என்பதால் இதனை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. இரண்டாவது, நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. கொங்கிலிருந்து கொண்டு வந்த பொன்னால் தில்லைச் சிற்றம்பலத்துக்கு ஆதித்தன் கூரை வேய்ந்த செய்தியை இது குறிப்பிடுகின்றது. மூன்றாவது, ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் கொங்கு நாட்டில் காணப்படுதல். பராந்தகன் தன் வெற்றிகளைப் பறைசாற்றத் தயங்காதவன். மதுரை கொண்ட பரகேசரி என்றே தன்னை அழைத்துக் கொண்டான். ஆனால் கொங்கை வென்றதாக அவன் கூறிக்கொள்ளவில்லை. எனவே அது தந்தையிடமிருந்து அவன் பெற்ற நாடு என்பது தெளிவாகின்றது.

மேலைக் கங்கர்களும் இக்காலத்தில் சோழரின் மேலாண்மையை ஏற்றனர். திருப்புறம்பியத்தில் உயிரிழந்த பிருதிவீபதியின் மரபில் வந்த இரண்டாம் பிருதிவீபதி, பின்னர் பராந்தகனிடம் வாணாதிராயன் என்னும் பட்டம் பெற்றான்.

இராசகேசரிப் பெருவழி

தமிழ்க் கல்வெட்டுகளில் பெருவழி என்னும் சொல் ஊர்களுக்கு இடையிலான சிறு பாதைகளிலிருந்து வேறுபட்ட நெடுஞ்சாலையைக் குறிக்கும். நாடுகளை இணைக்கும் இவ்வழிகள் செல்லும் திசையாலோ, சேரும் நாட்டாலோ, அமைத்த மன்னனாலோ பெயர் பெற்றன. கொங்கப் பெருவழி, வடுகப் பெருவழி, தஞ்சாவூர்ப் பெருவழி, அதியமான் பெருவழி முதலியன இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். நிலங்களின் எல்லை கூறும் இடங்களில் இவை அடிக்கடி குறிக்கப்படுவதால், இவை நிலையான, எல்லாரும் அறிந்த வழிகளாக இருந்தன என்பது பெறப்படும்.

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர் என்னும் ஊருக்கு அருகே உள்ள குன்றின் பாறையில் இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு காணப்படுகின்றது. பேரூருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் இடைப்பட்ட இவ்விடம் மேற்கே செல்லும் வழியின் முகப்பில் அமைந்துள்ளது. கல்வெட்டில் முதலில் பெருவழியின் பெயரும், அடுத்து மன்னனைப் போற்றும் வெண்பா ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. பாடல் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் எழுதப்பட்டிருப்பது இதன் சிறப்பாகும்.

இரண்டு வகை எழுத்துகளுக்கும் காரணம் உண்டு. சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் தமிழ் எழுத்து வழங்கியது. சேர நாட்டிலும் பாண்டிய நாட்டிலும் கொங்கின் பெரும்பகுதியிலும் வட்டெழுத்து வழங்கியது. கிழக்கிலிருந்து வருவோரும் மேற்கிலிருந்து வருவோரும் தத்தம் எழுத்தில் படித்தறிய இது உதவியது. வழியில் செல்பவர் படிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் வெட்டப்பட்ட கல்வெட்டு இது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகின்றது.

வெண்பா மன்னனைச் சோழர் கோமான் என்றும், வளம் மிக்க காவிரி நாட்டுக்கு உரியவன் என்றும், கோழி எனப்பட்ட உறையூரின் தலைவன் என்றும் போற்றுகின்றது. உயிர்களெல்லாம் அவனது நிழலில் சிறந்து வாழ்வதையும், அந்நிழல் வெண்திங்களைப் போல ஓங்குவதையும் பாடுகின்றது. இங்கு நிழல் என்பது அரசனின் வெண்கொற்றக் குடையின் நிழல், அதாவது அவன் தரும் பாதுகாப்பு ஆகும். இச்சொல்லைக் கொண்டு, வணிகரைக் காக்க நிழற்படை என்னும் காவற்படை ஒன்று பெருவழியில் நிறுத்தப்பட்டிருந்தது என விளக்கம் கூறுவோரும் உண்டு. பாடல் படையை வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும் காடும் மலையும் சூழ்ந்த கணவாயின் வாயிலில் அரசனின் காவலை இவ்வாறு அறிவித்திருப்பது, வழிக்கு இருந்த அச்சத்தையும் அதற்கு அரசு பொறுப்பேற்றதையும் காட்டுகின்றது.

கல்வெட்டில் ஆதித்தன் என்னும் இயற்பெயரோ ஆட்சியாண்டோ இல்லை. இராசகேசரி என்னும் பட்டத்தைப் பல மன்னர்கள் கொண்டிருந்ததாலும், பிற்காலத்தில் கொங்கை ஆண்ட கொங்குச் சோழர்களும் இப்பட்டத்தைப் புனைந்ததாலும் இதன் காலம் ஆராயப்பட வேண்டியதாயிற்று. பாடலில் வரும் கோக்கண்டன் என்னும் பெயர், கொங்குப் பகுதியை ஆண்ட சேரர் கிளை மன்னர் சிலரின் பெயரிலும் காணப்படுகின்றது. ஆனால் பாடல் மன்னனைச் சோழன் என்றும் காவிரி நாடன் என்றும் தெளிவாகக் கூறுகின்றது. எழுத்தமைதி 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பதும், அக்காலத்தில் கொங்கை வென்ற இராசகேசரி ஆதித்தன் ஒருவனே என்பதும் இவனுக்கு உரியதாக இதனைக் கொள்ளக் காரணங்களாகும்.

ஆதித்தன் இவ்வழியைப் புதிதாக உருவாக்கவில்லை. அவனுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே பொதிமாடுகள் சென்ற தடமே அது. அவன் செய்தது அதனைத் தன் ஆட்சிக்கு உட்படுத்திச் சீர்செய்து, தன் பட்டத்தைச் சூட்டி, அதன் காவலைத் தன்னுடையதாக அறிவித்ததாகும். புதிதாக வென்ற நாட்டில் படைகளும் அதிகாரிகளும் செல்லவும், திறைப்பொருள் காவிரி நாட்டுக்கு வந்து சேரவும் இத்தகைய வழி இன்றியமையாதது. தில்லைக்குச் சென்ற கொங்குப் பொன்னும் இத்தகைய பெருவழிகளின் வழியாகவே சென்றிருக்க வேண்டும்.

உரோமானியச் சாலைகளுடன் ஒப்பீடு

நாட்டை வெல்வதும் சாலை அமைப்பதும் இணைந்து நிகழ்வதற்கு உரோமானிய வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். கி.மு. 312 இல் உரோமின் அதிகாரியான ஆப்பியசு கிளாடியசு சீக்கசு என்பவர், உரோமிலிருந்து கப்புவா நகர் வரை ஒரு சாலையை அமைக்கத் தொடங்கினார். சாம்னைட்டு மக்களுடன் நடந்த போரில் படைகளை விரைவாகத் தெற்கே அனுப்புவதே இதன் நோக்கம். அவரது பெயரால் ஆப்பியன் சாலை என்று அழைக்கப்பட்ட இது, பின்னர் இத்தாலியின் தென்கிழக்கே உள்ள பிரிந்திசி துறைமுகம் வரை நீட்டிக்கப்பட்டது. 2024 இல் யுனெசுக்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இரு சாலைகளுக்கும் இடையே வேறுபாடுகள் பல. உரோமானியர் கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, நேர்கோட்டில், படைவீரரைக் கொண்டே சாலை அமைத்தனர். தமிழகத்துப் பெருவழிகள் பெரும்பாலும் நிலத்தின் போக்கையும் ஆற்றின் போக்கையும் ஒட்டிச் சென்ற மண்வழிகளாகும். அதனால் ஆப்பியன் சாலையின் கற்கள் இன்றும் காலடியில் கிடக்க, இராசகேசரிப் பெருவழிக்கு ஒரு பாறைக் கல்வெட்டே முதன்மைச் சான்றாக எஞ்சியுள்ளது. ஆப்பியன் சாலை அமைத்தவரின் சொந்தப் பெயரைத் தாங்குகின்றது. கொங்கின் பெருவழி மன்னனின் பட்டத்தைத் தாங்குகின்றது. ஆகவே முன்னதை அமைத்தவர் யார் என்பதில் ஐயமில்லை. பின்னதை அமைத்தவனைச் சான்றுகளைக் கூட்டியே அறிய வேண்டியுள்ளது.

தூரம் காட்டும் கற்களை நடும் வழக்கம் இரு நாடுகளிலும் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு உள்ள தொலைவைக் காதக் கணக்கில் குறிக்கின்றன. எழுத்தறியாதவரும் அறியும்படி அவற்றில் குழிகளைக் கொண்டும் எண் காட்டப்பட்டுள்ளது. இக்கற்கள் ஆதித்தனுக்குப் பிற்பட்ட 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

சேரருடன் உறவு

பெருவழியின் கிழக்கு முனை சோழரிடமும் மேற்கு முனை சேரரிடமும் இருந்தது. எனவே சேரருடன் நட்பு இல்லாமல் அவ்வழியால் முழுப்பயன் கிட்டாது. ஆதித்தன் சேரருடன் போர் செய்யாமல் நட்புக் கொண்டான். திருவையாற்றுக்கு அருகே உள்ள தில்லைத்தானத்துக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும். தொண்டைநாடு பாவின சோழனும், சேரமான் தாணு இரவியும் இணைந்து விக்கியண்ணன் என்னும் தலைவனுக்குச் செம்பியன் தமிழவேள் என்னும் பட்டத்தையும், தவிசு, சாமரை, சிவிகை முதலிய சிறப்புகளையும் அளித்ததை இக்கல்வெட்டு குறிப்பிடுகின்றது. விக்கியண்ணனின் மனைவி கடம்ப மாதேவி கோயிலுக்கு அளித்த கொடையைப் பற்றியது இக்கல்வெட்டு.

இரு மன்னர்கள் ஒருவனுக்கே சிறப்புச் செய்திருப்பதால், அவன் இருவருக்கும் பொதுவான ஒரு போரில், பெரும்பாலும் கொங்குப் போரில், தொண்டு செய்தவனாக இருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். ஆதித்தனின் மகன் பராந்தகன் சேர மன்னனின் மகளை மணந்தான். அவளது மகனே பின்னாளில் தக்கோலப் போரில் உயிரிழந்த இராசாதித்தன் ஆவான்.

குடும்பம்

ஆதித்தனின் மனைவியருள் ஒருத்தி இளங்கோன் பிச்சி ஆவாள். இவள் வல்லவரையர் எனப்பட்ட இராட்டிரகூட மன்னனின் மகள். இவளுடைய மகன் கன்னரதேவன் எனக் கருதப்படுகின்றது. பல்லவர் குலத்துப் பெண்ணொருத்தியையும் ஆதித்தன் மணந்திருந்தான். ஆதித்தனுக்குப் பின் பராந்தகன் அரியணை ஏறியது இராட்டிரகூடருடன் பகைக்குக் காரணமாயிற்று. கன்னரதேவனுக்காக இரண்டாம் கிருட்டிணன் நடத்திய படையெடுப்பு வல்லம் என்னும் இடத்தில் நடந்த போரில் பராந்தகனால் முறியடிக்கப்பட்டது.

கோயில் பணிகள்

ஆதித்தன் சிவனிடத்து மிகுந்த பற்றுக் கொண்டவன். சகிய மலையிலிருந்து கடல் வரை காவிரியின் இரு கரைகளிலும் சிவனுக்கு வரிசையாகக் கற்கோயில்களை இவன் எடுத்ததாக, சுந்தர சோழனின் அன்பில் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. செங்கல்லாலும் மரத்தாலும் இருந்த பழைய கோயில்கள் பல இவனது காலத்திலிருந்து கற்றளிகளாக மாற்றப்பட்டன. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் பல இவ்வாறு நிலைபெற்றன. அளவில் சிறியனவாயினும், செதுக்கு வேலைப்பாட்டில் சிறந்த தொடக்ககாலச் சோழர் கலைப்பாணி இக்காலத்தில் உருவானது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கல்தச்சர் மரபு வளர இப்பணிகள் வழிவகுத்தன.

இறப்பும் பள்ளிப்படையும்

ஆதித்தன் ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆண்டு, கி.பி. 907 அளவில் தொண்டைமானாற்றூரில் இறந்தான். இவ்வூர் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் திருக்காளத்திக்கு அருகே உள்ள தொண்டைமானாடு ஆகும். இதனால் கல்வெட்டுகளில் இவன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் என்று குறிக்கப்படுகின்றான். மகன் பராந்தகன் அவ்விடத்தில் தந்தைக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். அது கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் பெயர் பெற்றது. தஞ்சையைச் சுற்றிய சிறு நாட்டில் ஆட்சியைத் தொடங்கிய மன்னன், தன் நாட்டின் வட எல்லையில், முன்னர் பல்லவருடையதாக இருந்த மண்ணில் இறந்தது அவனது ஆட்சியில் சோழ நாடு அடைந்த விரிவைக் காட்டுகின்றது.

பெருவழியின் பிற்கால வரலாறு

ஆதித்தனுக்குப் பின்னரும் கொங்கின் வழிகள் சோழருக்கும் வணிகருக்கும் பயன்பட்டன. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் தமக்கெனக் காவல் வீரரை வைத்துக்கொண்டு தமிழகத்தின் பெருவழிகளில் சென்றன. அரசின் காவல் எட்டாத இடங்களில் எறிவீரப்பட்டினம் எனப்பட்ட காவல் மிக்க வணிக ஊர்களும் தோன்றின.

பழைய வழியின் போக்கு இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. 1862 இல் நிறைவுற்ற சென்னை - பேப்பூர் இருப்புப் பாதை ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக இதே கணவாயைக் கடந்து மேலைக் கடற்கரையை அடைந்தது. சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544, அவிநாசி, கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகச் செல்கின்றது. 2009 இல் தனி மாவட்டமான திருப்பூரின் நூலும் துணியும் இச்சாலையில் சென்று வருகின்றன. கொடுமணலின் தக்களி வட்டுகளுக்கும் இன்றைய பின்னலாடைகளுக்கும் இடைப்பட்ட காலம் 2000 ஆண்டுகளுக்கு மேல் ஆயினும், பொருள் செல்லும் திசை ஒன்றாகவே உள்ளது.

மதிப்பீடு

முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் ஆகியோரின் புகழுக்கு முன் ஆதித்தனின் பெயர் பெரும்பாலும் மறைந்து கிடக்கின்றது. ஆயினும் சோழ நாட்டைப் பேரரசாக மாற்றிய முதல் மன்னன் இவனே. காவிரிக் கரைக் கோயில்கள் இவனது பக்தியையும், தொண்டைமானாற்றூர்ப் பள்ளிப்படை இவனது வெற்றியின் எல்லையையும் காட்டுகின்றன. இவன் வழிகளைப் பேணிய ஆட்சியாளன் என்பதற்குச் சுண்டக்காமுத்தூர்ப் பாறை ஒன்றே நேரடிச் சான்றாக உள்ளது. மண்ணால் ஆன பெருவழியின் தடம் வயல்களுக்கும் தெருக்களுக்கும் அடியில் மறைந்துவிட்ட நிலையில், அது இருந்ததையும் அதற்குக் காவல் இருந்ததையும் கூறுவது வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் அச்சில வரிகளே ஆகும். அக்கல்வெட்டு அழியுமாயின், கொங்கின் வணிக வரலாற்றில் உரோமானியர் காலத்துக்கும் பிற்காலத்துக்கும் இடையே உள்ள முக்கியமான கண்ணி ஒன்று அறுந்துபோகும். எனவே அதனைப் பாதுகாப்பது வரலாற்று ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.